பெயர் சொல்ல முடியாத 11 பேருக்கும், மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு சமூகவியல் மாநாட்டில், இளங்கலை மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அமர்வில், என் ஆய்வைப் பற்றி 12 நிமிடம் பேசிவிட்டு வந்தேன். கேட்க வந்தவர்கள் 9 பேர், அதிலும் ஒருவர் லேப்டாப்புக்கு சார்ஜ் போட இடம் தேடி வந்தவர். பரவாயில்லை. அந்த 12 நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய தூக்கம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்ப்பவர்களை அங்கே குடியிருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அல்லது பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் ஆய்வு. எதிரிலேயே நின்றாலும் அங்கே இல்லாதவராக நடத்தப்படும் ஆளைப் பற்றி எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1959-லேயே எழுதி, வீட்டு வேலைக்காரரை அதற்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறார். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது நான் தினமும் தாண்டிப் போகிற வாசல்தான்.

முதல் நன்றி என் வழிகாட்டிக்கு. 600 வார்த்தையில் நான் எழுதிக் கொடுத்த ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "யாரிடம் கேட்டாய், என்ன கேட்டாய், என்ன தெரிந்தது? இந்த மூன்றும் எங்கே?" என்றார். இல்லைதான், உலகமயமாக்கல் மட்டும் நான்கு தடவை இருந்தது. 250 வார்த்தைக்கு வருவதற்குள் ஏழு முறை எழுதினேன் மேடம், அப்போது உங்களை மனசுக்குள் திட்டியதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஆய்வு நெறிக் குழு. படிவம் படிவமாகக் கேட்டு இழுத்தடிக்கிறார்களே என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, குழுவில் ஒருவர் கேட்டார்: "ஒரு கட்டடத்தில் இரண்டே காவலாளிகள் என்றால், 'வயதில் மூத்தவர்' என்று நீ எழுதினாலே யாரென்று முதலாளிக்குத் தெரியாதா? வேலை போனால் யாருக்குப் போகும்?" பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். அன்றிரவே வயது, பணி ஆண்டு, கட்டடத்தின் மாடிக் கணக்கு என்று எல்லாவற்றையும் மங்கலாக்கினேன். அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. பாதியில் அழுகிற நிலைமைக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, கலர் பேனாவால் கோடு போட்டுப் போட்டு, அவர்கள் பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் நான் வைத்திருந்த 63 குறிச்சொற்களை நான்கு கருப்பொருளாக அடக்கக் கற்றுக்கொடுத்த முதுகலை அக்காவுக்கு நன்றி. ஒத்திகையில் 21 நிமிடம் இழுத்ததைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டு, "அஞ்சாவது ஸ்லைடு வரைக்கும் ஒரு காவலாளிகூட வாயைத் திறக்கலையே" என்று சொன்ன என் அறைத் தோழிக்கும்தான். கோட்பாட்டு ஸ்லைடுகள் மூன்றைத் தூக்கியது அவளால்தான்.

மாநாட்டில் ஒருவர், இளங்கலைக்காரர்கள் மேடையில் பேசாமல், ஆய்வைப் போஸ்டராக ஒட்டிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றார். சரி, அதை விடுங்கள். இன்னொருவர், "பேச மறுத்தவர்கள் எத்தனை பேர், ஏன் மறுத்தார்கள்?" என்று கேட்டார். எண்ணி வைக்கவில்லை, அதை யோசிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன். காது சூடாகிவிட்டது. அவரே பிறகு நடைபாதையில் நிறுத்தி அரை மணி நேரம் பேசினார். மறுப்பும் ஒரு தரவுதான் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

கடைசியாக அந்த 11 காவலாளிகள். வேலை நேரத்தில், தூக்கக் கண்ணோடு, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசியவர்கள். மற்றவர்கள் பெயரையெல்லாம் கேட்டால் சொல்லிவிடலாம், இவர்கள் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் ஒருவரிடம் (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்) அவர் சொன்னதை நான் எழுதியிருந்த பகுதியைப் படித்துக் காட்டினேன். "என் பேரைப் போட்டிருக்கலாமே" என்று முதலில் வருத்தப்பட்டார். காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அப்புறம், "குட்மார்னிங் சொல்றதை நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கே. நிறுத்தலம்மா. திருப்பிச் சொல்றவங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்றார்.

திருத்திவிட்டேன் அண்ணா.