மறுபடியும் லஹானுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேபாளத்து லஹான் கண் ஆஸ்பத்திரியில் சேவையை முடித்துக்கொண்டு நல்லபடியாக மதுரை வந்து சேர்ந்துவிட்டேன். முட்டி வலிக்கிறது. பழியை நேபாளத்தின் மேல் போடாதே, வரும்போது ரயிலில் மேல் பெர்த் கிடைத்துவிட்டது.

"போய்வருகிற காசை அந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டுப் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாமே" என்று போனில் கேட்டாய். போன தடவை எனக்கே அப்படித் தோன்றியது. எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே பாதிப் பொழுது போனது. இந்தத் தடவை போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்றேன். ஒரே ஒரு தடவை போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களால் அங்கே யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லாமல் இருக்கிறேன்.

லஹான் என்றதும் நீ பனிமலையை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது தராய் சமவெளி. நம் தஞ்சாவூர்ப் பக்கம் போல எங்கு பார்த்தாலும் வயல். குளிர்காலத்தில் பொழுது ஏறின பிறகும் மூடுபனி விலகாது, அந்தக் குளிரில்தான் கண்புரைக்கு அவ்வளவு கூட்டம். பீகாரிலிருந்து எல்லை தாண்டி வண்டி வண்டியாக வருகிறார்கள். அம்மா வெளிநாட்டில் சேவை செய்கிறாள் என்று உன் தோழிகளிடம் பெருமை பேசினாயாமே? நான் மருந்து விட்ட கண்களில் பாதிக்கு மேல் நம் நாட்டுக் கண்கள்தான்!

அங்கே தையல் இல்லாத சிறு துளை ஆபரேஷன். விலை உயர்ந்த மெஷின் வேண்டாம், கை பழகிய டாக்டர் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். ஒரு மேஜையில் முடியும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருக்க வேண்டும், சுத்தம் செய்த ட்ரே கைக்கு எட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அந்த ஓட்டத்தைப் பழக்குவதுதான் என் வேலை. காசு அனுப்பினால் லென்ஸ் வாங்கலாம். இதைப் பழக்க ஆள்தான் போய் நிற்க வேண்டும்.

லென்ஸ் என்றதும் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவோம். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-ல் குறைந்த விலைக்கு லென்ஸ் செய்கிற நம்ம ஊர் ஆரோலேப் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. காத்மாண்டுவில் 1994-ல் தொடங்கிய திலகங்கா கண் மருத்துவமனையும் அப்புறம் சொந்தமாகவே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது.

ஒரு பாட்டிக்குக் காலையில் கட்டைப் பிரித்து, மூன்று விரலைக் காட்டினேன். "தீன்" என்று சரியாகச் சொன்னவர், என் முகத்தை உற்றுப் பார்த்து அந்தப் பக்கத்து மைதிலி மொழியில் ஏதோ சொல்ல, பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விசாரித்தால், "குரலைக் கேட்டுச் சின்னப் பெண் என்றல்லவா நினைத்தேன், இவள் என்னைவிடக் கிழவியாக இருக்கிறாளே!" என்றாராம்.

அடுத்த குளிருக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை, டிக்கெட் எப்போது போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். நீ அப்போது ஊருக்கு வருவதாக இருந்தால் தேதியை இப்போதே சொல்லிவிடு, நான் முன்னே பின்னே மாற்றிக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா