தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்கள் படிப்பதற்காகத்தான் அறிக்கை இணையத்திலும் போடப்படுகிறது. தமிழ் வாசிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களுக்காக ஆங்கிலச் சுருக்கம் அலுவலக அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிள்ளைகளின் கோலப் போட்டி நடந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அன்னதானத்துக்கு ஆள் கொடுத்தோம். தீபாவளிக்கு முதியோர் இல்லத்துக்கு இனிப்புப் பொட்டலங்கள் போயின. நம் முன்னோர் டுரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 1860 நவம்பர் 16ஐ நினைவுகூரும் கூட்டம் இந்த ஆண்டும் நடந்தது. 165ஆம் ஆண்டு என்பதால் கூட்டம் சற்று அதிகம். செயற்குழு விதிப்படி கூடியது. போதிய ஆள் வராமல், அதாவது கோரம் இல்லாமல், ஒத்திவைத்த கூட்டங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

இனி கணினி வகுப்பு. "செயலாளர் பின்னறையில் உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் என்னதான் செய்கிறார்?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று நேரமில்லை. இன்று சொல்கிறேன்.

மண்டபத்துப் பின்னறையில் தமிழ் வகுப்புக்கென்று இருக்கும் கணினிகள் எல்லாம் தானமாக வந்தவை. அவற்றில் சில பென்டியம் 4 காலத்து 32 பிட் இயந்திரங்கள். எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயக்குதளம் ஓடுகிறது. நம் நாட்டு வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இருக்கும்போது ஏன் டெபியன் என்று ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும். ஷட்டில்வொர்த்தே டெபியனில் வேலை செய்து பழகியவர்தான். உபுண்டுவும் டெபியனிலிருந்து வந்ததுதான். ஆனால் உபுண்டு 2017லேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியை நிறுத்திவிட்டது. நம்மிடம் இருந்ததோ அந்த இயந்திரங்கள். தேசப்பற்றுக்காக அவற்றைக் குப்பையில் போட முடியுமா? சரி, அது முடிந்த கதை.

வகுப்பில் பிள்ளைகள் பயன்படுத்தும் எழுத்துப் பயிற்சி நிரல் நம் சங்கத்துக்கே உரியது. 247 எழுத்துக்கும் ஒலி உண்டு. சில எழுத்துக்களை நம் ஆயாமார் சொல்லியிருக்கிறார்கள், சிலவற்றைப் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். இந்த நிரலையும், தமிழ்99 விசைப்பலகையையும், லோகித் எழுத்துருவையும் ஒரே கட்டளையில் நிறுவும்படி ஒரு பேக்கேஜாகக் கட்டி, நம் சொந்த ரெப்போவில், அதாவது இணையத்தில் உள்ள பேக்கேஜ் கிடங்கில், வைத்திருக்கிறோம். வகுப்புக் கணினிகளும் உறுப்பினர் வீட்டுக் கணினிகளும் அங்கிருந்துதான் அப்டேட் எடுக்கின்றன. இதைப் பராமரிப்பதுதான் சனிக்கிழமை வேலை.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானது. அதற்கு முந்தைய 12, 2023 ஜூனில் வந்தது. சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இது நடக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், பேக்கேஜ் கட்டுகிறவனுக்குத்தான் வேலை. இந்த முறை மூன்று பக்கத்திலிருந்து வந்தது.

முதலாவது, 13இல் 32 பிட் இயந்திரங்களுக்கு நிறுவியும் இல்லை, இயக்குதளத்தின் உட்கருவான கர்னலும் இல்லை. ஆகவே பழைய கணினிகள் 12லேயே இருக்கும், மற்றவை 13க்குப் போகும். அதாவது ஒவ்வொரு பேக்கேஜையும் இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவை சோதிக்க வேண்டும். பதிப்பு எண்ணின் பின்னால் அலைக்குறி (~) போட்டு டெப்12, டெப்13 என்று எழுதுகிறோம். பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட் கருவியின் கணக்கில் அலைக்குறி எதற்கும் முன்னால் நிற்கும். 12க்கானதைவிட 13க்கானது பெரிய எண்ணாகத் தெரியும். கணினியை மேம்படுத்தும்போது பேக்கேஜும் தானாக மாறிவிடும். எண் விஷயத்தில் நான் கறாராக இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்த ஒருவர் தேதியையே பதிப்பு எண்ணாகப் போட்டு, 20190814 என்று வெளியிட்டுவிட்டுப் போனார். அதன்பின் 1.4 என்று எது வெளியிட்டாலும் ஏப்ட் அதைப் பழையது என்று ஒதுக்கியது. வேறு வழியில்லாமல் எண்ணுக்கு முன்னால் ஒன்று, முக்காற்புள்ளி என்று, மற்ற எண்களை எல்லாம் மிஞ்சும் எபாக் என்ற முன்னெண்ணைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதை ஒருமுறை போட்டால் பிறகு எடுக்கவே முடியாது. இந்தச் சங்கம் இருக்கும்வரை அந்த ஒன்றும் முக்காற்புள்ளியும் இருக்கும்.

இரண்டாவது, நம் நிரல் எழுதப்பட்ட மொழியான பைத்தான். 12இல் இருந்தது 3.11, 13இல் இருப்பது 3.13. நம் நிரலை எழுதிக் கொடுத்த தம்பி ஒலியின் அளவைச் சமன்செய்ய பைத்தானோடு வரும் ஆடியோஆப் என்ற மாட்யூலைப் பயன்படுத்தியிருந்தார். அதை 3.13இல் நீக்கிவிட்டார்கள். நீக்கப்போகிறோம் என்று 3.11லிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. அந்த எச்சரிக்கையை ஆண்டு நடுவிலேயே குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. தம்பி இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் வேலையாக இருக்கிறார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. 13 போட்ட முதல் கணினியில் 'அ'வைத் தட்டியதும் நிரல் மூடிக்கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது.

இதற்குத் தீர்வாக, ஒலியை நிரல் ஓடும்போது சமன்செய்வதை விட்டுவிட்டு, பேக்கேஜ் கட்டும்போதே சாக்ஸ் கருவியால் எல்லாக் கோப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தோம். நம் இளைஞர் அணியில் உள்ள ஒரு மாணவர் முன்வந்து செய்தார். அவர் மடிக்கணினியில் அழகாகக் கட்டப்பட்டது. பேக்கேஜ் கட்டும் கருவியான எஸ்பில்டில் போட்டால் நின்றுவிட்டது. "என் மெஷினில் ஓடுகிறதே அங்கிள்!" என்றார்.

எஸ்பில்ட் எப்போதும் ஒன்றுமில்லாத புது டெபியனில் தொடங்கும். கல்யாணச் சமையலுக்குக் காலி மண்டபத்தை எடுத்த மாதிரி. சாமான் பட்டியலில் எழுதாத எதுவும் அங்கே இருக்காது. அந்தப் பட்டியல் கண்ட்ரோல் கோப்பில் பில்ட்-டிபெண்ட்ஸ் என்ற வரியில் இருக்கிறது. மாணவர் சாக்ஸை எழுதியிருந்தார். ஆனால் டெபியனில் சாக்ஸ் மட்டும் போட்டால் எம்பி3 படிக்காது. அதற்கு லிப்சாக்ஸ்-எஃப்எம்டி-எம்பி3 என்று தனிப் பேக்கேஜ் உண்டு. அவர் மடிக்கணினியில் அது எப்போதோ ஏறியிருந்தது. எம்பி3 என்ற பின்னொட்டைக் கையாள ஆள் இல்லை என்று பிழைச் செய்தி தெளிவாகத்தான் சொன்னது. ஒரு சொல் சேர்த்தோம், கட்டப்பட்டது. அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவர் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். இந்த ஆண்டின் உண்மையான வரவு அவர்தான். மெட்ரிக் பரீட்சை வந்ததும் அவரும் நின்றுவிட்டார், நிற்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, சாவி. பேக்கேஜ்கள் நம்மிடமிருந்துதான் வருகின்றன என்று காட்ட நம் ரெப்போவில் கையொப்பமிடும் ஜிபிஜி மின்சாவி 2012இல் உருவாக்கியது. அந்தக் கால வழக்கப்படி, சாவி தனக்குத்தானே இட்டுக்கொண்ட ஒப்பம் ஷா-1 என்ற, இப்போது பலவீனமாகிவிட்ட முறையில் இருந்தது. டெபியன் 13இன் ஏப்ட் கையொப்பங்களைப் புதிய கருவியால் சரிபார்க்கிறது; 2026 பிப்ரவரி 1 முதல் ஷா-1ஐ ஏற்பதில்லை. சாவிகளைச் சேர்க்கும் பழைய ஏப்ட்-கீ கட்டளையும் 13இல் கிடையாது. எனவே புதுச் சாவி உருவாக்கி, அதைத் தனிப் பேக்கேஜாகக் கட்டி, பழைய சாவியால் ஒப்பமிட்டு, அக்டோபரிலேயே ரெப்போவில் வைத்தேன். ஜனவரி முடிவதற்குள் ஒருமுறை அப்டேட் பொத்தானை அழுத்தியவர்களுக்கு எல்லாம் தானாக நடந்திருக்கும். அழுத்தும்படி மூன்று மாதம் அறிவித்தேன். கோயில் அறிவிப்புப் பலகையிலும் எழுதினேன். 13க்கு மாறியவர்களில் பலர் பிப்ரவரியில்தான் தொலைபேசியில் அழைத்தார்கள், "உங்கள் ரெப்போ கெட்டுப்போய்விட்டது" என்று. ரெப்போ கெடவில்லை. அவர்கள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் கையால் போட்டுத் தருகிறேன்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாமே" என்றும் செயற்குழுவில் பேச்சு வந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, எல்லா லினக்ஸிலும் இருக்கும் சிறிய சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியாள் திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்திருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமானதை விடாமல் துருவியவர் அவர். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவே இல்லை. சோதனைப் பதிப்புகளில் இருந்ததையும் உடனே பின்வாங்கிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது நம் கணினிகள் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று ஒரே கட்டளையில் பார்த்துச் சொல்ல முடிந்தது. பென் டிரைவில் கொடுத்ததை யார் வீட்டில் போய்ப் பார்ப்பது?

பேக்கேஜில் சினிமாப் பாட்டுச் சேர்க்கச் சொன்ன உறுப்பினருக்கு: காப்பிரைட் கோப்பில் என்ன எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன். தேவாரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதால் தேவாரம் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. அதையொட்டிப் பின்னறை வாசலில் நின்ற கூட்டத்தைத் தீபாவளிக்குக்கூட நான் பார்த்ததில்லை. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாக ஓடுகிற 64 பிட் கணினிகள். எல்லாவற்றிலும் டெபியன் 13 போட்டுக் கொடுத்தோம். கட்டணம் கேட்கவில்லை, உறுப்பினர்களுக்கு இலவசம் என்பது விதி. உறுப்பினர் என்றால் சந்தா செலுத்தியவர் என்பதும் விதிதான். ஆண்டுச் சந்தா 200 ரேண்ட். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர்களின் பெயர்ப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. படிக்க வேண்டாம் என்று பெருந்தன்மையாக முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் அதே பெருந்தன்மை, இந்த ஆண்டு வரை.

சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்பாக் ரக்பி ஆட்டம் இருக்கிறது, தெரியும். மரக்கறி பிரியாணி போட்ட அன்று மண்டபத்தில் நாற்காலி போதவில்லை என்பதும் தெரியும். பேக்கேஜின் மாற்றங்களைப் பதியும் சேஞ்ச்லாக் கோப்பில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே, கட்டியவர் பெயரும் தேதியும் இருக்கும். பெயருக்கும் தேதிக்கும் நடுவே ஒரு இடைவெளி குறைந்தால்கூடக் கருவி முணுமுணுக்கும். இந்த ஆண்டின் பதிவுகளை யாரும் திறந்து பார்க்கலாம். அந்த மாணவரின் பெயர் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரே பெயர்.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் விவரமாகச் சொல்வார். மொத்தத்தில் வரவைச் செலவு கொஞ்சம் தாண்டியது. கேபிள் பழுதால் மின்சாரம் போகும்போது சர்வர் விழாமல் இருக்க வாங்கிய பேட்டரிதான் பெரிய செலவு. அதைப் பற்றி முணுமுணுப்பு இருப்பது என் காதுக்கும் வந்தது. வரவேண்டிய சந்தா வந்திருந்தால் இரண்டு பேட்டரி வாங்கியும் மிச்சம் இருந்திருக்கும்.

மண்டபத்தைக் கொடுத்துவரும் கோயில் நிர்வாகத்துக்கும், பழைய கணினிகள் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த மகளிர் அணிக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டெபியன் 12க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் 10 வரைதான். அதன்பின் நீண்டகால ஆதரவுக் குழு 2028 ஜூன் வரை பார்த்துக்கொள்ளும். பழைய 32 பிட் கணினிகளுக்கு அதுவே கடைசி வாசல். அதற்குள் மாற்றுக் கணினிகள் தேட வேண்டும். 2016இல் கேப் டவுனில் டெபியன்காரர்களின் டெப்கான்ஃப் மாநாடு நடந்தபோது நம்மிலிருந்து ஒருவரை அனுப்பப் பணமில்லை என்றார்கள். இப்போது கற்றுக்கொள்ள எங்கும் போக வேண்டியதில்லை, பின்னறைக்கு வந்தால் போதும்.

புதுச் சாவியின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. ஒரு நகல் உறையில் முத்திரையிட்டுத் தலைவரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தலைவர் உறையைத் திறப்பார். திறந்தபின் என்ன செய்வது என்று தெரிந்த இரண்டாவது ஆள் சங்கத்தில் இல்லை. என் மகள் கேப் டவுனுக்கு வந்துவிடச் சொல்லி வெகுநாளாக அழைக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

செயலாளர் பதவிக்கும், புதிதாக உருவாக்கக் கோரும் துணைச் செயலாளர் (கணினி) பதவிக்கும் தேநீர் இடைவேளைக்குள் பெயர் கொடுக்கலாம். நிற்பவரும் முன்மொழிபவரும் சந்தா பாக்கி இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார், வங்கி அட்டையும் எடுத்துக்கொள்வார்.

செயலாளர்
சாட்ஸ்வொர்த், டர்பன்
மார்ச் 2026