2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: தண்ணீரைக் கேட்டு ஓடிய ஓராண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, விடியுமுன் முள்ளியாற்றுப் பாலத்தருகே கூடிப் பழகிய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டியில் இயங்கிவரும் நமது ஓட்டக் கழகத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நடவடிக்கைகளை இப்பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் இவ்வறிக்கை பெரும்பாலும் நம் பாதைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

முள்ளியாற்றங்கரை, உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கரை, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் காட்டுச் சாலை ஆகிய மூன்று பாதைகளையும் ஒரே வரைபடத்தில் குறித்து, ஆண்டு முழுவதும் அதன்படியே ஓடுவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்திருந்தோம். அந்தத் தீர்மானத்தை எழுதி முன்மொழிந்தவன் நானே. அது நான்கு மாதங்கள்கூடத் தாங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் தேதி, 2024இல் போதிய நீர் இருப்பில்லாததால் திறப்பின்றியே கடந்தது. ஆறு வறண்டு, கரையின் களிமண் வெயிலில் இறுகிச் செங்கல் தளம் போலக் கிடந்த அந்த வாரங்களில் நம் ஓட்டம் தடையின்றி நடந்தது. விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை நாம் நல்ல காலமாக எண்ணியது இப்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. கர்நாடகத்தில் பெய்த பெருமழையால் அணை விரைவாக நிரம்ப, ஜூலை 28ஆம் தேதி தண்ணீர் திறக்கப்பட்டது. அது நம் பகுதியை எட்டியதும் கரை ஓதம் ஏறி, கால் வைத்த இடமெல்லாம் காலணியின் அடியில் கால் கிலோ சேறு அப்பிக்கொண்டது. ஆகஸ்டில் ஒரு காலை, கைவிளக்கை நம்பி, பாசி படிந்த மதகுத் தளத்தின்மேல் ஓடிக் கடக்க முயன்று வழுக்கி விழுந்ததில் எனக்குக் கணுக்கால் பிசகியது. ஆறு வாரம் ஓடாமல் அமர்ந்து இந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதகுகளையும் நடைபலகைகளையும் நடந்தே கடக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் கரையை மூடியிருக்கும் இடங்களில் வெளிச்சம் வருமுன் கால் வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். நீர் ஏறும்போது வயலை விட்டு மேடு தேடி வரும் எலிகளும், அவற்றைத் தேடி வரும் கண்ணாடி விரியனும் கரைக்கே வருகின்றன.

கரை சேறானபோது நம்மில் சிலர் வயல் வரப்பில் இறங்கி ஓடியதால் ஒரு மனக்கசப்பு நேர்ந்தது. சம்பா நாற்றங்காலுக்கு வரப்பு அணைத்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி, "வரப்பு வச்சு ரெண்டு நாள்தான் ஆவுது தம்பி, இன்னும் ஈரங் காயல. பத்துப் பேரு மிதிச்சுட்டுப் போனா தண்ணி நிக்குமா?" என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுவே நமக்கு மிகுந்த சங்கடத்தைத் தந்தது. மறுநாள் நால்வர் மண்வெட்டியுடன் சென்று உடைந்த பகுதியைச் சரிசெய்து கொடுத்தனர். வரப்பு எக்காலத்திலும் நம் பாதையல்ல என்பது இப்போது எழுத்து வடிவில் உள்ளது.

செயற்குழுவில் நீண்ட நேரம் விவாதிக்கப்பட்டது ஏரிக்கரைப் பாதையே. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்கு மேட்டூர் நீரே வாய்க்கால்கள் வழியாக வந்து சேர்கிறது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஏரி வறண்டு கிடக்கும். நீர் நின்ற பிறகு நத்தைக்குத்தி நாரைகளும் பிற கொக்கு வகைகளும் வந்து மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் பேசாமல்தான் ஓடுகிறோம், சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள வண்டிப்பாதையில்தான் ஓடுகிறோம், ஆகவே இடையூறு இல்லை என்பது உறுப்பினர்கள் சிலரின் வாதம். அதை வார்த்தையால் மறுக்காமல், ஒரு ஞாயிறன்று அவர்களையே கரையில் நிற்கவைத்து மற்றவர்கள் ஓடினோம். ஆடு மேய்ப்பவர் நடந்து போனபோது அசையாதிருந்த நாரைகள், வரிசையாக ஓடிவந்த எங்களைக் கண்டதும் மொத்தமாக எழும்பின. அவை மீண்டும் கூட்டில் அமரும்வரை முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்தே கிடந்தன. அக்டோபர் முதல் பிப்ரவரி முடிய அப்பாதையை மூடுவதென்ற தீர்மானம் அன்றே நிறைவேறியது. அழகான பாதையை அழகான பருவத்தில் இழக்கிறோம் என்று வருந்திய நண்பருக்கு நான் சொல்லக்கூடியது, அப்பருவத்தில் அங்கே தொலைநோக்கியுடன் போய் உட்காரலாம் என்பதுதான்.

நவம்பர் கடைசி வாரம் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் எல்லாப் பாதைகளும் நின்றன. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. மார்கழி, தை மாதங்களில் பனியும் தாமதமான விடியலும் சேர்ந்து நேரத்தை மாற்றின: ஜூனில் 5.50 மணி அளவில் உதிக்கும் சூரியன் ஜனவரிக் கடைசியில் 6.30ஐத் தாண்டியே உதிப்பதால், புறப்படும் நேரத்தைத் தைப் பொங்கல் முதல் அரை மணி தள்ளிவைத்தோம். அறுவடை தொடங்கியதும் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயவைக்கப்பட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் நாளில் ஒவ்வொரு மணி நேரமும் விவசாயிகளுக்குக் கணக்கு. காயும் நெல்லை மிதிக்காமல் ஒற்றை வரிசையில் ஒதுங்கிப் போகுமாறு கேட்டுக்கொண்டோம், உறுப்பினர்களும் அப்படியே செய்தனர்.

காட்டுச் சாலையைப் பற்றி மகிழ்ச்சியாகவே எழுத முடிகிறது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் சென்ற உப்புச் சத்தியாகிரகப் பயணம் நம் ஊர் வழியாகவே சென்றது. ஏப்ரல் 30 அன்று அவர்கள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தனர். 2024இல் அதே தேதியில் வேன் வைத்து வேதாரண்யம் சென்று, அங்கிருந்து நினைவுத்தூண் வழியாகக் கோடியக்கரை வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஓடினோம். உப்பளப் பகுதியில் நிழல் என்று ஒரு முழம்கூட இல்லை. காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருந்தது, வேகத்தைக் குறைத்தும் மூச்சு வாங்கியது. கோடியக்காட்டை அடைந்து, பாலை மரங்களும் புதர்களும் செறிந்த உலர் பசுமைமாறாக் காட்டின் ஓரம் தொட்டபோதுதான் தலை நிமிர்ந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களின் இடைவெளி இன்னும் கண்ணில் படுகிறது. வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் சாலையைக் கடக்கும் இடம் அது. ஆகவே சாலையை விட்டு இறங்குவதில்லை, வனத்துறை அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்க்கலாம் என்ற யோசனை வந்தது. மூச்சுவேர்கள் முளைத்து நிற்கும் சேற்றில் ஓட முடியாது. அங்கே படகில் போய் வருவோம் என்று விட்டுவிட்டோம்.

இவற்றின் அடிப்படையில், ஒரே வரைபடம் என்ற பழைய தீர்மானத்தை நீக்கி, தண்ணீர் திறப்பு, பறவை வரத்து, அறுவடை ஆகியவற்றை ஒட்டி மாதந்தோறும் பாதை குறிக்கும் நாட்காட்டியை ஏற்க வேண்டுமெனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதன் மாதிரி நுழைவாயில் மேசையில் உள்ளது; ஆடி மாதக் கட்டம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, அணை திறந்த பிறகு நிரப்பப்படும். முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பேற்க ஒருவரும், கரைப்பாதையை வாரம் ஒருமுறை பார்த்து வர இருவரும் தேவைப்படுகிறார்கள். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். இவ்வறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்