அறுத்த வலைக்கண்ணுக்கு நன்றி

ஊர்க்கூட்டத்துக்கும், பக்கத்துக் கரைக்காரர்களுக்கும், முக்கியமாகப் பெரியம்மாவுக்கும்,

நேற்று எடை போட்டபோது நீலக்கால் நண்டு கிலோவுக்கு ஐந்துதான் நின்றது, ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிசு. தராசுக்காரர் நம்பாமல் இரண்டு முறை எண்ணினார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். போன இரண்டு வருஷம் பாக் விரிகுடாவில் நல்ல நண்டு இல்லாமல் நாம் பட்டது கரைக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

சினை நண்டு பட்டால் கடலில் விட்டுவிட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானபோது நானும் கை தூக்கினேன். தூக்கினேனே தவிர மனசில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்குக் கிடையாது. யாரும் போடாத கட்டுப்பாட்டை நாமே எதற்குத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? அதுவும் நண்டு பத்துக் காலிலும் நூலைச் சுற்றிக்கொண்டுதான் வரும். நடுக்கடலில் உட்கார்ந்து யார் அவிழ்ப்பது? கரைக்குக் கொண்டுவந்து, காலை முறித்துத்தான் எடுப்போம்.

அதற்குப் பிறகு ஒருநாள், கரையில் என் வலையில் நண்டு எடுத்துக்கொண்டிருந்தவர் பெரியம்மா. (பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார்.) கூலி ஒரு வலைக்கு இவ்வளவு என்ற கணக்கு, ஒரு நண்டிடம் நின்றாலே அவருக்கு நஷ்டம். ஒரு பெட்டை நண்டு வந்தது, வயிற்றுக்கடியில் சினை கறுத்துப்போய். மஞ்சளாக இருந்தால் பொரிக்க நாள் இருக்கிறது. கறுத்துவிட்டால் இன்றோ நாளையோதான். அவர் காலை முறிக்கவில்லை. சின்னக் கத்தியை எடுத்து, என் புது வலையில் நாலு கண்ணை அறுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றும் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் நண்டை ஈரச்சாக்கில் சுற்றி, இடுப்பளவு தண்ணீர் வரை நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். நனைந்த சேலையோடு மீதி நண்டையும் எடுத்து முடித்தார்.

மறுநாள் விடியக்காலை வலையை ஏற்றப் போனால் நாலு கண்ணும் பொத்தியிருந்தது. கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறவர், ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பொத்தியிருக்கிறார். கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. "அது வயித்துல எத்தன லச்சம் இருக்கு, நாலு கண்ணு பெருசாடா ஒனக்கு?" என்றார். அதற்குப் பிறகு நானும் படகில் ஒரு கத்தி வைத்திருக்கிறேன்.

அப்புறம், பொடி நண்டை வாங்க மாட்டோம் என்று நின்ற வியாபாரிகள், சினை நண்டைப் போட்டுவைக்கப் படகுக்கொரு வாளி வாங்கித் தந்த பையன்கள், முதலில் சண்டைக்கு வந்து பிறகு கூடவே நின்ற பக்கத்துக் கரைக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி.

மழை நன்றாகப் பெய்ததுதான் காரணம் என்கிறார் சித்தப்பா. இருக்கலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் ஆளாகிவிடுகிற சாதி இது, நாம் விட்டதும் இதில் இல்லாமலா போகும்? மண்டபத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இறால் குஞ்சு பொரித்து இந்தக் கடலில் விடுகிறார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை, தாயை விட்டால் போதும்.

பெரியம்மா, வாடைக்காற்று கிளம்பினதும் என் வலைக்கு நீங்கள்தான் வர வேண்டும். எத்தனை கண் வேண்டுமானாலும் அறுங்கள். பொத்துகிற வேலை இனி என்னுடையது. ஊசியும் நூலும் வாங்கி வைத்துவிட்டேன்.