திங்கட்கிழமைக்கு முன் மகனுக்கு

ரொறன்ரோ,
28.10.1995

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மொன்றியலுக்கு வந்தும் உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபிக்காதே. பிளாஸ் டு கனடாவில் நடந்த கூட்டத்துக்காக இங்கிருந்து புறப்பட்ட பஸ்ஸில் வந்தேன். கூட்டம் கலைந்ததும் அதே பஸ் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை வாக்கெடுப்பில் கனடாவை விட்டுப் பிரிந்து போகாதே என்று பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தைக் கேட்க ஐந்நூறு கிலோமீற்றர் போனவர் பெற்ற பிள்ளையின் கதவைத் தட்டவில்லை என்று அம்மா இரவு முழுவதும் குத்திக்காட்டினாள்.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. தலைகளுக்கு மேலே அந்தப் பெரிய கொடியைக் கைமாற்றிக் கொண்டுபோனபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும், விமானக் கட்டணத்தில் சலுகை அறிவித்த பிறகு, வாக்கெடுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்து அன்பைச் சொல்கிறோமே என்ற கூச்சம் என்னை விடவில்லை.

போன கடிதத்தில் நீ கேட்டதற்கு வருகிறேன். 1977இல் ஊரில் தனிநாட்டுக்கு வாக்களித்த அப்பா, இங்கே மட்டும் "இல்லை" என்று போடச் சொல்வது எப்படி என்று கேட்டிருந்தாய். தமிழருக்கு அதிகாரம் பகிர்ந்துதர 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கா எங்கள் தலைவர் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தம் அடுத்த வருடமே கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்ததும் நிறைவேறவில்லை. 1972இன் அரசியலமைப்பு எங்கள் சம்மதம் இல்லாமலே எழுதப்பட்டது. கேட்டுக் கேட்டுக் களைத்த பிறகு போட்ட வாக்கு அது. ஆகவே 1981 நவம்பரில், கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் ஒட்டாவாவுக்கு எதிரே ஆற்றின் மறுகரையில் ஹல்லில் உறங்கிக்கொண்டிருந்த இரவில் மற்ற மாகாணங்கள் தங்களுக்குள் உடன்பாடு கண்டதையும், கியூபெக்கின் சம்மதம் இல்லாமலே 1982இல் அரசியலமைப்பு வந்ததையும், அதைச் சரிசெய்ய முயன்ற மீச் ஏரி உடன்படிக்கை 1990இல் செத்துப்போனதையும் நீ எழுதும்போது, அந்த வலியை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் ஊரில் அந்த வாக்கைப் போட்ட அதே 1977இல்தான் கியூபெக்கில் பிரெஞ்சுக்கு முதலிடம் கொடுத்த 101ஆம் சட்டம் வந்தது. உன்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது அந்தச் சட்டம். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான்தான், இன்று நீ அந்த மொழியிலேயே வேலை செய்கிறாய். தன் மொழிக்குத் தானே சட்டம் இயற்றவும், குடியேறுவோரைத் தானே தெரிவு செய்யவும், பதினைந்து வருடத்தில் இரண்டாம் தடவையாகப் பிரிவதா என்று தன் மக்களைக் கேட்கவும் ஒரு மாகாணத்துக்கு முடிகிறது என்றால், அங்கே கதவு இன்னும் அடைபடவில்லை. எங்களுக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் நாங்கள் ஊரிலேயே இருந்திருப்போம்.

பிரிவதற்கு முன் கனடாவுக்குக் கூட்டாண்மை ஒன்றை முன்வைப்போம் என்று வினாவில் இருக்கிறது. தம்பி, வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாய் வழக்காடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடனையும் எல்லையையும் பங்கு பிரித்த பின்னும் கூட்டாளிகளாகச் சிரித்துக்கொண்டிருப்போம் என்று உங்கள் முதல்வர் பரிசோ சொல்வதை நம்ப மனம் வரவில்லை. கியூபெக்கின் வடக்கே பழங்குடியினரான கிறீ மக்கள் செவ்வாய்க்கிழமை தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கனடாவோடு இருப்போம் என்றார்கள். கியூபெக்கின் நிலத்தைப் பிரிக்க முடியாது என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் பதில். இதே வசனத்தை நாங்கள் கொழும்பின் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டோம்!

அதே செவ்வாய்க்கிழமை மொன்றியலின் வெர்டனில் பிரதமர் கிரெத்தியன் கியூபெக்கின் தனித்தன்மையை ஏற்பது பற்றிப் பேசியது பயத்தினால்தான் என்று நீ சொல்வாய். ஆம், பயத்தினால்தான். பயத்தில் கொடுத்த வாக்குறுதியையும் விடாமல் கேட்டு வாங்கலாம்; அதற்கு நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். என் பங்குக்கு, எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இன்று எழுதியிருக்கிறேன், தை மாதம் மறுபடியும் எழுதுவேன். அடுத்த தடவை மொன்றியலுக்கு வரும்போது கொடி இல்லாமல், அம்மாவோடு, உன் வீட்டுக்கே வருவேன்.

இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறுகிறதாம். அப்பாச்சியிடமிருந்து சேதி இல்லை. ஏதாவது அறிந்தால் உடனே தொலைபேசி எடுப்பதாகக் கொழும்பு மாமா சொல்லியிருக்கிறார். திங்கள் இரவு முடிவு வரும்வரை விழித்திருப்பேன். எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் நீயும் எடு.

அன்புடன்,
அப்பா