வாய்க்கால் தலைப்பு மதகின் ஷட்டர் பாகங்களைச் சுமை கணக்கிட்டு மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
லேத் பட்டறைத் தொழிலாளியும் கடைமடை விவசாயியும்,
வெண்ணாற்றுப் பாசனப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: மதகு ஷட்டரின் இணைப்பு ஆணி (‘பின்’), திருகுக் கம்பி ஆகியவற்றை உத்தேசமாக மாட்டாமல் கணக்குப் போட்டு மாட்டக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

வெண்ணாற்றில் பிரியும் எங்கள் வாய்க்காலின் தலைப்பு மதகில் போன சம்பாவின்போது எங்கள் முறை வந்த அன்று ஷட்டரைத் தூக்கச் சுற்றினால் திருகுக் கம்பி மட்டும் மேலே வந்தது, பலகை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. முறைப்பாசனத்தில் ஒரு முறை தவறினால் கடைமடைக்கு என்ன ஆகும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்று பழுத்துப் போனது.

அறுந்தது கம்பியையும் பலகையையும் இணைக்கும் 12 மி.மீ. போல்ட். முன்பு அங்கே 20 மி.மீ. பின் இருந்தது, அது இரண்டு காதுக்கு (துளையிட்ட இரும்புத் தகடுக்கு) நடுவே மாட்டியது. பழுது பார்த்த ஒப்பந்தக்காரர் துருப்பிடித்த ஒரு காதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைக் காதில் கடையில் கிடைத்த போல்ட்டை மாட்டிப் போயிருக்கிறார். அறுந்த துண்டு என்னிடம் இருக்கிறது, சரியாக மரை ஓடும் இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம் ஐயா. எவ்வளவு சுமை, அதை எவ்வளவு பரப்பு தாங்குகிறது, சுமையைப் பரப்பால் வகுத்தால் தகைவு வந்துவிடும், அது அந்த இரும்பு தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எங்கள் பலகை 1.2 மீட்டர் அகலம், முன்னால் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும். சராசரி ஆழம் 0.75 மீட்டர், பரப்பு 1.8 சதுர மீட்டர், ஆக பலகையை அழுத்துவது 1350 கிலோ. பலகை ஏறி இறங்கும் துருப்பிடித்த பள்ளத்தில் உராய்வு அதில் பாதி என்று வைத்தால் 675 கிலோ, பலகை எடை சுமார் 300 கிலோ, மொத்தம் ஏறக்குறைய ஒரு டன். 12 மி.மீ. போல்ட்டின் மரைப் பகுதியில் உள்ள பரப்பு வெறும் 84 சதுர மி.மீ., அப்படியானால் ஒரு சதுர மி.மீ.க்கு 12 கிலோ. சாதாரண இரும்பு இழுவையில் 25 கிலோ வரை தாங்கும், ஆனால் குறுக்கே வெட்டுகிற விசைக்கு 14 கிலோ சுமாரில் இளக ஆரம்பித்துவிடும். விளிம்பில்தான் நின்றிருக்கிறது, அதனால்தான் முதலில் சில முறை தூக்கியது.

ஆனால் மதகு எப்போதும் ஒரு டன்னோடு விடாதே. வண்டலும் ஆகாயத்தாமரையும் சிக்கிப் பலகை இறுகிவிட்டால், இரண்டு பேர் கைப்பிடியில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி ஆளுக்கு 30 கிலோ அழுத்தி நெம்புவார்கள். மரையின் உராய்வுக்குப் போனது போகக் கம்பியில் ஐந்து டன் தொட்டுவிடும். அப்போது அந்த போல்ட்டில் சதுர மி.மீ.க்கு 60 கிலோ, அறுந்து போகாமல் என்ன செய்யும்? பழைய 20 மி.மீ. பின் இரண்டு இடத்தில் வெட்டுத் தாங்கும், பரப்பு 628 சதுர மி.மீ., அதே ஐந்து டன்னுக்கு 8 கிலோதான் வரும்.

மெல்லிய போல்ட் அறுந்தால் மற்ற பாகம் தப்பிக்கும் என்று ஒருவர் சொன்னார். அந்த யோசனை தவறில்லை, ஆனால் அப்படி அறுகிற பின்னை மேலே கைப்பிடியில் வைக்க வேண்டும், அரை மணியில் மாற்றிவிடலாம். தண்ணீருக்கு அடியில் வைத்தால் ஆறு வற்றும்வரை கை வைக்க முடியாது.

அப்புறம் கம்பி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூடும்போது அடியில் கல்லோ கட்டையோ சிக்கினால் கம்பி அழுத்தத்துக்கு உள்ளாகிறது. மரைப் பள்ளத்தின் அடியில் கம்பியின் விட்டம் 33 மி.மீ., பரப்பு 855 சதுர மி.மீ., ஐந்து டன் வந்தாலும் தகைவு 6 கிலோகூட இல்லை, பயமில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு நடுவில் பிடிமானமே இல்லை, அந்த நீளத்தில் அது 2 டன்னுக்குள்ளேயே வில்லாக வளைந்துவிடும். நொறுங்குவதற்கு முன்பே நெளிகிறது. எங்கள் மதகில் கம்பி இப்போதே வளைந்துதான் நிற்கிறது. தடிமனான கம்பி வாங்க வேண்டியதுகூட இல்லை, நடுவில் சுவரில் பதித்த ஒரு கைடு வளையம் போட்டால் பிடிமானம் இல்லாத நீளம் பாதியாகும், தாங்கும் சுமை நான்கு மடங்காகும், 7 டன்னுக்கு மேல் வரும். ஒரு பட்டைத் துண்டும் இரண்டு போல்ட்டும்தான் செலவு.

ஆகவே, இரண்டு காது வைத்து 20 மி.மீ. பின் மாட்டவும், வளைந்த கம்பியை மாற்றி நடுவில் கைடு வளையம் பொருத்தவும், அறுகிற பின்னைக் கைப்பிடியில் வைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். இனி எந்தச் சிறு மதகைப் பழுது பார்த்தாலும் சுமை, பரப்பு, தகைவு மூன்றையும் எழுதிய ஒரு பக்கக் கணக்கு மதிப்பீட்டோடு இருக்க வேண்டும், அதன் நகல் பாசனதாரர்களுக்கும் கிடைக்க வேண்டும். அது இல்லாமல் பட்டியலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள். அதற்குமுன், வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே இந்த வேலை முடிய வேண்டும். அளவெடுக்க ஆள் வரும் நாளைச் சொன்னால் வெர்னியரோடு நானும் வருகிறேன். அறுந்த போல்ட்டின் புகைப்படத்தையும் கைக்கணக்கையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடைப் பாசனதாரர்கள் சார்பில்.