டீனா புரூக்ஸுக்காக வந்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை நியூஜெர்சியின் நுவார்க்கில் எங்கள் ஜாஸ் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. மேடையில் தெரிந்தது ஐந்து முகம்தான். மற்றவர்களுக்கு இந்தக் கடிதம்.

ஹார்ட் பாப் என்றால் ஆர்ட் பிளேக்கி, ஹொரேஸ் சில்வர் என்று உடனே பேர் வரும். 1950களின் நடுவில், புளூஸையும் தேவாலயப் பாட்டின் சூட்டையும் ஜாஸுக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்த பாணி அது. நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரர்களை. டீனா புரூக்ஸ் (பேரைப் பார்த்துப் பெண் என்று நினைக்காதீர்கள், டெனர் சாக்ஸபோன் வாசித்த ஆண்) புளூ நோட் ரெக்கார்டு கம்பெனிக்காகத் தன் பேரில் நான்கு ஆல்பத்துக்கு வாசித்தார். வெளிவந்து அவர் கண்ணால் பார்த்தது 1960இல் பதிந்த 'ட்ரூ புளூ' ஒன்றைத்தான். 1974இல், 42 வயதில் போய்விட்டார். ட்ரம்பெட் வாசித்த கேல் மாசி கதை இன்னும் மோசம். 1961இல் பதிவான அவருடைய ஒரே ஆல்பம் 1987இல் வந்தது, அவர் இறந்து 15 வருடம் கழித்து.

இவர்களுடைய ரெக்கார்டு கிடைத்துவிடும். நொட்டேஷனுக்குத்தான் பல இடத்தில் காதை நம்ப வேண்டும். அதனால் முதல் நன்றி, பிலடெல்பியாவிலிருந்து பஸ் பிடித்து வந்த சாக்ஸபோன் பெரியவருக்கு. 'குட் ஓல்ட் சோல்' பாட்டில் ஓர் இடத்தில் டெனரின் சுரம் ட்ரம்பெட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு எனக்கு அகப்படவே இல்லை. பாதி வேகத்துக்கு இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்று ராத்திரி எழுதியிருந்தேன். பெரியவர் ஒருமுறை பார்த்தார். பென்சிலை வாங்கி ஒரே ஒரு சுரத்தை அரைப்படி இறக்கினார். வாசித்துப் பார்த்தோம். ட்ரம்பெட்காரன் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான். அந்தப் பென்சில் கோட்டின் மேல் நான் இன்னும் மை போடவில்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தில், நான் கேட்ட பழைய இதழோடு கேட்காத இரண்டையும் எடுத்து வைத்த நூலகருக்கு நன்றி. பேசி வைத்த ஹால்காரர் பத்து நாள் முன்னால் கைவிரித்தபோது சர்ச்சின் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்ட பாஸ்டருக்கும், அங்கிருந்த பியானோவைக் காசு வாங்காமல் சுருதி சேர்த்தவருக்கும் நன்றி. ஒரு கட்டை மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. அது அவர் குற்றமில்லை, பியானோவுக்கு வயசு. ரிகர்சலைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டு அம்மாவுக்கும் நன்றி. ஒரே ஒரு தடவைதான் சீலிங்கைத் தட்டினார், அன்றைக்கு நாங்களும் கண்றாவியாகத்தான் வாசித்தோம்.

அப்புறம், எடிசனிலிருந்து கார் நிறைய வந்த நம்மவர்கள். இடைவேளையில் ஒரு மாமா, “இது எந்த ராகம்ப்பா?” என்று கேட்டார். நான் பதிலுக்குத் திணறியதை மன்னிக்கவும். இரண்டாம் பாதியில் அவர் தொடையில் தாளம் போட்டதைப் பியானோவிலிருந்தே பார்த்தேன். ஜாஸ்காரர்கள் மாதிரியே, நாலு தட்டில் இரண்டிலும் நான்கிலும் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பழகவே வருடக்கணக்கான விஷயம் அது.

அடுத்தது ஜிஜி கிரைஸ், சாக்ஸபோன் வாசித்து, பின்னால் மேடையை விட்டுவிட்டு நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராகப் போன மனிதர். அவருடைய இரண்டு பாட்டுக்கு நொட்டேஷன் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பெரியவருக்குச் சொல்லியாயிற்று. பென்சிலோடு வருகிறாராம்.

அன்புடன்,
பியானோக்காரன்